கன்றுக்கு விட்ட பால்

2024 மார்ச் 4: வெள்ளை 6.2 லீற்றர், கறுப்பு 3.9.
2024 ஏப்ரல் 1: வெள்ளை 5.8, கறுப்பு 3.7.
2024 மே 6: வெள்ளை 5.5, கறுப்பு 3.8.

இவை வெள்ளை, கறுப்பு என்ற இரண்டு இனங்களில் ஓர் ஒட்டகத்திடம் ஒரு நாளில் கறந்த பாலின் சராசரி. கென்யாவில் மிருக வைத்தியராக இருந்த அருமைநாதன், புலம்பெயர்ந்து பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற நகர்ப்பகுதிக்கு வந்து டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கிய காலத்திலும், கென்யாவிலிருந்து ஹலிமா என்ற ஒட்டக மேய்ச்சல்காரி அனுப்பும் அளவுகளை ஒப்பிட்டு வந்தார். கூட்டுவதும் வகுப்பதும் அவரோடு சாப்பாடு அடுக்கிய என் வேலை. ஹலிமா இருந்தது தொலைபேசி எட்டாத இடம், எல்லாம் கடிதம்தான். மழை பொய்த்ததால் எந்த இனத்தை விற்கலாம் என்று ஹலிமா கேட்டாள். பால் குறைந்த கறுப்பை என்று அருமைநாதன் எழுதினார்.

மறுவாரம் அவர் மனைவி அக்னெஸ் எங்கள் கணக்குத் தாளைப் பார்த்தார்.

"கண்டுக்குட்டி குடிச்சதை எங்கையப்பா எழுதியிருக்கு?"

"அது ரெண்டுக்கும் ஒண்டுதானே."

"கண்டுகள் வந்து உங்களிட்டைச் சொன்னதோ?"

அவர் பழைய கடிதங்களை எடுத்தார். தாய்வீட்டிலிருந்து வந்த கறுப்பு ஒட்டகங்களில் இரண்டு காம்புகளைக் கன்றுக்கே விடுவது ஹலிமா வீட்டு வழக்கம். வெள்ளையில் நான்கையும் கறந்தார்கள். கறுப்பின் 3.9 பாதி மடிப்பால்தான். கறுப்பின் பதினொரு கன்றுகளும் பிழைத்திருந்தன. வெள்ளையின் ஒன்பதில் நான்கு இறந்திருந்தன. விற்க வேண்டாம் என்று அன்றே எழுதினார்.

அந்தக் கடிதம் போய்ச் சேருமுன் கறுப்பை விற்றுவிட்டதாக ஹலிமா எழுதியிருந்தாள். எங்கள் கணக்குக்கு நன்றி சொல்லியிருந்தாள். அருமைநாதன் பதில் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 ஓகஸ்ட் 19, திங்கட்கிழமை.