முப்பத்தொன்றாம் வண்டியின் பயம்

எங்கள் கம்பெனியில் மாதத்துக்கு நான்கு கார்கள்தான் செய்கிறோம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள். மாநில எல்லையில் ஜூஜுவாடி நெரிசலைத் தாண்டி ஓசூர் வந்து சேர்வதற்குள் பாதி ஜீவன் போயிருக்கும். அந்த நிலையிலும் பானெட்டின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குன்னு ஒரு ஆத்மா இருக்கு, இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம் பாகம் இருக்குங்க. லிஸ்ட் தரட்டுமா?" என்பேன். வாடிக்கையாளர் பக்கம் என்னை அனுப்புவதையே பிறகு நிறுத்திவிட்டார்கள்.

என் பெயர் மாதேஸ்வரன். சோதனைப் பிரிவு இன்ஜினியர். பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நான் சொல்ல வந்தது நிர்மலாவைப் பற்றி. நடுநடுவே நானும் தலையை நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிர்மலா எங்கள் டெஸ்ட் டிரைவர். வயது இருபத்தேழு. பேரிகைப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய அப்பா வெங்கடப்பன், ஊர்ப் பெரிய பண்ணை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் டிராக்டர் ஓட்டினார். அம்மா சாந்தம்மா அதே பண்ணையில் தக்காளி பறித்தார். சொந்தமாக அவர்களுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. வெங்கடப்பனுக்கு டைபாய்டு வந்து படுத்த வருடம், முதல் மழை நன்றாகப் பெய்துவிட்டது. உழ ஆளில்லை. பதினாறு வயது நிர்மலா டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். "பொட்டப்புள்ள கையில டிராக்டரைக் குடுக்கறதா?" என்று பண்ணைக்காரர் குதித்தார். ஆனால் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு பாலிடெக்னிக் படித்துக்கொண்டே, விடியற்காலையில் மினி லாரியில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்கு ஓட்டினாள். பிரேக்கை அழுத்தி மிதித்தால் அடிப்பெட்டிப் பழம் நசுங்கிவிடும். வளைவில் அவசரப்பட்டால் மேல்பெட்டி சரிந்துவிடும். இந்தப் பயிற்சியை எந்த வெளிநாட்டு ஓட்டுநர் பள்ளியிலும் கொடுக்க மாட்டார்கள் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. அவள் எங்களிடம் வந்தது போல்ட் முடுக்கும் வேலைக்கு, காண்ட்ராக்டில்.

பழைய டெஸ்ட் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போன வாரம், ஷெட்டிலிருந்த வண்டி ஒன்றை வெளியே நிறுத்த ஆள் தேவைப்பட்டது. நிர்மலா நிறுத்தினாள். இறங்கி வந்து, "சார், கிளட்ச் லேட்டா எந்திரிக்குதுங்க" என்றாள். அளந்து பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருநூறு அடி ஓட்டியதில் அவளுக்கு எப்படித் தெரியலாம்? ஆனாலும் மறுநாள் முதல் அவளையே டெஸ்ட் டிரைவராகப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

வேலை இதுதான். செய்து முடித்த ஒவ்வொரு வண்டியையும் காலை ஆறு மணிக்கு எடுத்து, கிருஷ்ணகிரி சாலையில் சூளகிரி தாண்டி குருபரப்பள்ளி வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு படிவம் எழுத வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சத்தம், அதிர்வு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் "பிற குறிப்புகள்" என்று ஒன்று. அதை யாருமே நிரப்பியதில்லை. இவள் நிரப்பினாள். இந்த மாடலில் பன்னிரண்டாம் வண்டிக்கு, "அவசரக்காரி. மூன்றாவது கியரில் பொறுமை இல்லை." பத்தொன்பதுக்கு, "அமைதி. சொன்ன பேச்சு கேட்கும்." இருபத்தேழுக்கு, "காலையில் முகம் கொடுக்காது. சூடானால் சிரிக்கும்."

கூப்பிட்டுத் திட்டினேன். "என்னம்மா இது? ஜாதகமா எழுதறே?"

"உசுரு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க சார். கொணம் இருக்கு. கையால கோக்கற வண்டிங்க. முனிராஜண்ணன் கோத்ததும் இன்னொருத்தர் கோத்ததும் ஒண்ணா ஓடாது."

முனிராஜ் எங்கள் மூத்த ஃபிட்டர். அவருக்கு இதைக் கேட்டு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் அந்தக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவந்தேன்.

டிசம்பரில்தான் அது நடந்தது. முப்பதாம் வண்டி. முந்தின இரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. எங்கள் பாதையிலுள்ள சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் நிற்கிறது, அதிகாலையில் யாரும் போக வேண்டாம் என்று. நானும் படித்தேன். வண்டியை அன்றே அனுப்ப வேண்டியிருந்ததால் பாதையையும் மாற்றவில்லை, நேரத்தையும் மாற்றவில்லை. பனிக்குள்ளிருந்து சாலைக்கு வந்த யானையைப் பார்த்து நிர்மலா வண்டியை ஓரப் பள்ளத்தில் இறக்கினாள். யானை தன்பாட்டுக்குக் கடந்து போனது. இவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது, புருவத்தில் ஏழு தையல். ஆஸ்பத்திரியில் சாந்தம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "உடனே ஓடியாந்தீங்களே சாமி" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் பணி நிரந்தர ஆணை வந்தாக வேண்டும். எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களின் கழுத்தில் மஞ்சள் பட்டை, நிரந்தர ஆட்களுக்கு நீலப் பட்டை. அவளுடைய பரம்பரையில் யாரும் நிரந்தரம் என்ற வார்த்தையைக் காகிதத்தில் பார்த்ததில்லை. அந்த ஃபைல், மேனேஜர் சுரேந்தரின் மேஜையில் இருந்தது.

அவள் வரும்வரை சோதனை ஓட்டம் நின்றிருந்ததால், வந்ததும் அவள் எடுத்த வண்டி முப்பத்தொன்று. ஓட்டிவிட்டு வந்து படிவத்தை நீட்டினாள். கட்டமெல்லாம் சரி. பிற குறிப்புகளில், "பயந்துகொண்டு ஓடுகிறது. அனுப்ப வேண்டாம்." கையெழுத்து இல்லை.

"என்ன பயம்?"

"இடது பக்கம் திரும்பினா, திரும்பி முடிச்ச பின்னாடி உள்ள ஏதோ ஒண்ணு லேட்டா நகருதுங்க. லோடுல ஒரு பெட்டி மட்டும் கட்டுத் தளந்தா ஆடுமே, அந்த மாதிரி. சுருக்குனு இருக்குது."

நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிடும் ரோலர் மேல் ஏற்றி ஓட்டினோம். எல்லா எண்ணும் பச்சை. இரண்டு நாள் இன்ஜின், சஸ்பென்ஷன் என்று அலசினோம். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சுரேந்தர் ஷெட்டுக்கே வந்தார். சென்னைக்காரர், குரலை உயர்த்தாமலே வெட்டுவார்.

"எவிடென்ஸ் இல்லாம வண்டியை ஹோல்டு பண்ண முடியாதும்மா. ஆக்சிடென்ட்ல பயந்தது நீ. வண்டி மேல ஏன் பழி போடறே? வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லன்னா வேற டிரைவர் பார்த்துக்கறோம்."

எல்லாருக்கும் புரிந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் நீலப் பட்டை. இல்லையென்றால் மறுபடி ராயக்கோட்டை மண்டி. போட்டுத் தொலையேன் என்று எனக்கே தோன்றியது. அவள் தன் மஞ்சள் பட்டையை விரலில் சுற்றினாள்.

"அந்த ரோலர்ல வண்டி நேராத்தான் ஓடுதுங்க சார். அது எங்க திரும்புது?" என்றாள். "இன்ஜினை நிறுத்திட்டு நாலு பேர் தள்ளுங்க. நான் இடது பக்கம் ஒடிக்கறேன். கேட்டுட்டு அப்புறம் என்னைய அனுப்புங்க."

பதினோரு வருட அனுபவஸ்தன் நான், இது எனக்குத் தோன்றவில்லை. கம்ப்ரஸரையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். ஷெட் அமைதியானது. தள்ளினார்கள். அவள் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். வண்டி திரும்பி முடித்து, ஒரு நொடி கழித்து, ஓட்டுநர் சீட்டுப் பக்கத்திலிருந்து டொக் என்று ஒரு சின்னச் சத்தம். சுரேந்தரே குனிந்து பார்த்தார்.

ஓட்டுநர் சீட்டைக் கழற்றி, ஒட்டியிருந்த கார்பெட்டை உரித்து, கதவுக்கு அடியில் ஓடும் கூடான பகுதிக்குள் முனிராஜ் கையை விட்டார். வெளியே எடுத்தார். கொட்டைப்பாக்கு மாதிரி காய்ந்து இறுகிய ஒரு எலுமிச்சம்பழம். ஒரு பக்கத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ தேவரே! நிம்பெ ஹண்ணு!" என்று முனிராஜ் கன்னடத்தில் அலறினார்.

யாரும் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழம் எங்கள் ஷெட்டுக்குள் வரவே கூடாது. ஒரு ஆயுத பூஜையன்று சக்கரத்தில் வைத்து நசுக்கியதில் சாறு தெறித்து, கோடிக்கணக்கில் விலை போகும் வண்டியின் பெயிண்ட் கெட்டுப்போனது. அன்றிலிருந்து தடை. மீறினால் வேலை போகும் என்று சுற்றறிக்கை. சுரேந்தர் நிர்மலாவைப் பார்த்தார்.

"நீதானே வச்சே? பயத்துல வச்சிட்டு, நீயே கண்டுபிடிக்கிற மாதிரி டிராமா."

"நான் வைக்கலைங்க சார். கார்பெட் ஒட்டறப்ப நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"ஒட்டினது முனிராஜ். அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து. ரெண்டு பேரும் ஐ.டி. கார்டைக் கழட்டுங்க."

முனிராஜின் வாய் திறந்தபடியே இருந்தது. நிர்மலா கழுத்திலிருந்து மஞ்சள் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். மாவுக்கட்டுப் பிரித்துச் சில நாளே ஆன மணிக்கட்டு, சரியாக மடங்கவில்லை. பட்டை அவள் காதில் மாட்டிக்கொண்டது.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. பத்து விநாடியாவது நின்றிருப்பேன். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, அந்தச் சுற்றறிக்கையை எழுதியவனே நான்தான் என்பது இருக்கிறது. அவள் காதிலிருந்து அந்தப் பட்டை வராமல் இழுபட்டதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

விபத்துக்கு மறுவாரம், கார்பெட் ஒட்டும் முன், மதிய இடைவேளையில் யாருமில்லாதபோது வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் கோயில் வாசலில் வாங்கியது. இந்த வண்டியிலாவது அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று டேப் போட்டு ஒட்டினேன். ஒட்டிய கையோடு வெட்கமாகிவிட்டது. மறக்க வேண்டும் என்றே மறந்தேன். இரண்டு நாள் வண்டியை அலசியபோதும் அது நினைவுக்கு வரவில்லை. என் பாகங்களின் லிஸ்டில் எலுமிச்சம்பழம் இல்லையே.

சுரேந்தர் அந்தப் பழத்தை வாங்கி என் கையில் வைத்தார். "மெமோ நாளைக்கு வரும், மாதேஸ்வரன். இன்னைக்கு வண்டியை முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சீட்டைத் திரும்ப மாட்டியதும் நிர்மலா பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். "நீங்களும் வாங்க சார்."

பதினோரு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். அவள் கியர் மாற்றுவது காதுக்குத் தெரியவில்லை, முதுகுக்குத்தான் தெரிந்தது. ஆத்மா என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது. ஆனால் அந்த வண்டி அவளோடு பேசிக்கொண்டே போனது. பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனைப் போலக் கூச்சமாகவும், சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

சானமாவு வந்ததும் நான் கதவுப் பிடியை இறுகப் பற்றியதை அவள் பார்த்துவிட்டாள். வேகத்தைக் குறைத்தாள்.

"அன்னிக்கு யானை நிக்குதுன்னு தெரிஞ்சுதான் உன்னை அனுப்பினேன் நிர்மலா" என்றேன். ஒன்றரை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"தெரியுங்க சார். அந்த மெசேஜ் எனக்குந்தான் வந்துச்சு. படிச்சுட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நிரந்தரம் ஆகணுமே, வேண்டாம்னு சொன்னா எப்படின்னு இருந்துச்சு." வளைவில் கியரைக் குறைத்தாள். "அடுத்த தடவை ரெண்டு பேருமே வேண்டாம்னு சொல்லிக்கலாங்க."

எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது. அவளுடைய ஆணை அந்த மாதக் கடைசி நாள் மாலையில் வந்தது. சுரேந்தர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நீலப் பட்டையோடு அவள் எடுத்த படத்தை முனிராஜ் எனக்கு அனுப்பினார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது பழத்தை எடுத்த அன்று குருபரப்பள்ளி டீக்கடையில் நடந்ததுதான். டீ ஆறும்வரை நின்றுகொண்டே, பானெட்டின் மேல் படிவத்தை வைத்து அவள் எழுதினாள். கட்டமெல்லாம் சரி. கடைசிக் கட்டத்தில், "வண்டிக்குப் பயம் இல்லை. அது சாருடைய பயம். இறக்கிவிட்டோம். அனுப்பலாம்." கீழே அவளுடைய கையெழுத்து. அதற்கும் கீழே இன்ஜினியருக்கான இடம்.

முதல்முறையாக அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.