ஈரமில்லாத குளிர்

கொளஞ்சி மீன்கடைகளுக்கு ஐஸ் போடுகிறவர். கடலூர் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் பதினெட்டு வருஷம் ஐஸ்கட்டி உடைத்தவர், இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். செம்மண்டலத்தில் எங்களுக்கு எதிர்வீடு. அவருடைய ஆட்டோவிலிருந்து என் வாசலில் தண்ணீர் ஒழுகுகிறது என்று நான் கத்தாத நாள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் அருமை எனக்குத் தெரிந்தது போன மே மாதம்தான்.

என் மகள் வெண்மதி சிதம்பரத்துக்குப் படிக்கப் போனபோது தன் சின்சில்லாவை என் தலையில் கட்டிவிட்டாள். எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு பிராணி, பெயர் பஞ்சு. குளிர்ந்த மலைகளில் வாழ்கிற இனம். அறைச்சூடு இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது, ரோமத்தில் தண்ணீர் படவே கூடாது என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். மகாராணி ஏ.சி.யில் இருப்பாள், நான் ஹாலில் விசிறிக்கடியில் கிடப்பேன்.

அன்று பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் கோளாறாம். ஒரு மணிக்கெல்லாம் பஞ்சு காது சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி சாய்ந்துவிட்டது. மாட்டுக்குச் செய்கிற மாதிரி, ஒரு சாக்கை நனைத்துக் கூண்டின்மேல் போர்த்திவிட்டு அலறினேன்.

லோடோடு வந்து நின்ற கொளஞ்சி உள்ளே ஓடிவந்தார்.

“மொதல்ல சாக்க எடுங்கக்கா. காத்த அடச்சிக்கினு உள்ள புழுங்குது பாருங்க. அதுக்கு ஈரம் வேணாம், குளிருதான் வேணும்.”

நாலு எவர்சில்வர் தூக்கில் ஐஸை உடைத்துப் போட்டு மூடினார். மேலே வேர்த்ததைத் துடைத்து, காய்ந்த துண்டு சுற்றி, கூண்டை ஒட்டி வைத்தார். கொல்லையில் கிடந்த ஒரு கிரானைட் கல்லை ஐஸில் குளிரவைத்துத் துடைத்து உள்ளே தள்ளினார். பஞ்சு ஊர்ந்துபோய் அதில் வயிற்றை வைத்துப் படுத்தது. போனில் பிடித்த கால்நடை டாக்டரும் அப்படியே மெதுவாகச் சூடு இறங்கட்டும் என்றார்.

வெளியே ஆட்டோ சொட்டிக்கொண்டிருந்தது. மீன்கடையிலிருந்து போன்மேல் போன்.

“நீ கெளம்புப்பா, லோடு உருகுது.”

“உருகட்டும்க்கா. இத இப்புடி உட்டுட்டு எங்க போறது?”

கரையக் கரைய ஐஸை மாற்றிக்கொண்டே இருந்தார். நாலரை மணிக்குப் பஞ்சு எழுந்து உட்கார்ந்து ஒரு புல்லைக் கடித்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் வெண்மதி போன் செய்தாள்.

“கரண்டே இல்லன்னாங்க, பஞ்ச எப்புடிம்மா காப்பாத்துன?”

“நான் எங்க? ஒங்க மாமாதான் காப்பாத்துனாரு.”

“எந்த மாமா? ஒனக்குத்தான் கூடப்பொறந்தவங்களே இல்லியே?”

“இருக்காருடி,” என்றேன். “எதிர்வீட்டுல.”