புருஷனுக்கு ஒரு முந்தானை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காது கேட்காது. எங்களுக்குள் கைதான் பேச்சு. இதில் 'சொன்னார்' என்று நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னதுதான். அதிலும் நான் கூச்சக்காரி. மற்றவர்கள் நெஞ்சுக்கு நேரே கையை வீசிப் பேசுவார்கள். நான் இடுப்புக்குக் கீழே, திருட்டுச் சாமான் கைமாற்றுகிற மாதிரி பேசுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்துக் காமிரா முன்னால் உட்காரவைத்தார்கள்.

இணையத்தில் சைகை அகராதி போடுகிறார்களாம். போனில் ஒரு வார்த்தையைத் தொட்டால், அதற்கான சைகையை யாராவது செய்து காட்டுவார்கள். சிதம்பரத்துச் சைகைகளைப் படம் பிடிக்க வந்த பெண்ணுக்கும் காது கேட்காது. சிரித்துக்கொண்டே வேலை வாங்குவாள். அவளுக்கு ஒரே விதிதான்.

"கை மடியிலேர்ந்து கெளம்பணும், மடிக்கே திரும்பணும்மா. நடுவுல வர்றதுதான் வார்த்தை. கம்ப்யூட்டர்ல வெட்டுறவங்களுக்கு அதுதான் அடையாளம்."

கத்தரிக்காய், கரண்டி, பஸ் எல்லாம் ஒழுங்காக வந்தன. அடுத்தது 'புருஷன்'. மீசையை முறுக்கி, தாலி தொங்கும் இடத்தைத் தொட்டேன். காமிராவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கை மடிக்குப் போனது.

வெட்டியவர் விதிப்படி மடியிலிருந்து மடிவரை வெட்டினார். சரிபார்க்கக் கடலூரில் காது கேட்காதவர்கள் கூடும் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தவர்கள், "சிதம்பரத்துக்காரங்க புருஷனுக்கு முந்தானையும் போடுவாங்க போல" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டார்கள். அடுத்த ஊர்மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை வந்ததே அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காது கேட்காத ஆம்பளைகள் கூடுவார்கள். எங்கள் தெருவில் என்னை விட்டால் கைப்பேச்சு தெரிந்தவர் கிடையாது. வாரம் முழுக்கச் சேர்த்த கதையை என் வீட்டுக்காரர் கொட்டுவது அங்கேதான். ஒரு ஞாயிறு, கீரப்பாளையம் பக்கமிருந்து ஒரு இளம் வாத்தியார் வந்தார். காது கேட்பவர், சைகை பழகிக்கொண்டிருந்தவர். பேச்சில் 'புருஷன்' வந்ததும் மீசையை முறுக்கினார், கழுத்தைத் தொட்டார், முந்தானைக்கு எங்கே போவார், சட்டைக் காலரை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்குப் போனை நீட்டினார். அதில் நான்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரைக் கண்டாலே கூட்டாளிகள் காலரைக் கடித்தார்கள். "இன்னா மச்சான், வூட்டுல இன்னமும் புதுமாப்பிள்ளதானா?"

அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "இனிமே ஞாயித்துக்கெழம உங்கூடத்தான்" என்றார்.

யாருக்குத் தண்டனை பாருங்கள். கைப்பேச்சுக்குக் கண் வேண்டும். மீன் கழுவினால் தோளைத் தட்டுவார். வெங்காயம் உரித்தால் தட்டுவார். திரும்பினால், கேட்டுப் புளித்த கதை. இந்த மனுஷன் எப்போது வெளியே போவார் என்றிருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் தட்டுவதும் நின்றது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொடைமேல் விரல்கள் மட்டும் அசைந்தன. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்று புரிந்தபோது, எனக்குக் கூச்சத்தைவிட பயம் ஜாஸ்தியாகிவிட்டது. அகராதிக்காரப் பெண் அப்போது கடலூரில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தனியாக பஸ் ஏறிப் போனேன்.

"அது வார்த்தை இல்லையாம்மா? அழகா இருந்துச்சே" என்றாள்.

"வார்த்தை மீசையும் கழுத்தும்தான். மிச்சம் என் வெக்கம். அத எடுத்துடு."

மறுபடி உட்கார்ந்தேன். வெட்கம் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டேன். மீசை, கழுத்து, மடி. முடிந்தது.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காட்டினேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது புருஷனா, பல்லுப் புடுங்குறவனா? பாக்குறவங்க நான் உன்ன அடிக்கிறேன்னு நெனைக்கப் போறாங்க."

"நெனைக்கட்டும். சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க."

போனவர் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"புதுசப் பாத்துட்டுக் காலர விட்டுட்டானுங்க. இப்ப என்னப் பாத்தா எல்லாவனும் பல்லக் கடிக்கிறான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த வாரம் சீக்கிரமே போவணும். ஒருத்தனுக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கு."