ரோமத்தோடு ஒரு கால்

படப்பைக் கடைவீதியில் சந்திரிகாவின் கடைப் பலகையில் ‘காடை’ என்று மட்டுமே எழுதியிருக்கும். வான்கோழியும் கினிக்கோழியும் உள்ளே உண்டு; ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணை முயலும் கிடைக்கும். குடும்பத்தின் நெல்வயல் மனைகளாகப் போனபின், எஞ்சிய கொல்லையில் கணவர் ஏகநாதன் இவற்றை வளர்க்கிறார். வெட்டி விற்பது சந்திரிகா.

முயலை உரித்தாலும் ஒரு பின்னங்காலில் பாதத்தை ரோமத்தோடு விட்டுவைப்பார். உரித்த முயலும் பூனையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குபவருக்கு அந்தக் கால்தான் சாட்சி.

சென்ற மாதம் பெருங்களத்தூர் அடுக்ககத்திலிருந்து உமேஷ் வந்தார். அவர் வீட்டில் முட்டைகூட ஆகாது. எதிர்வீட்டு ஹெப்சியிடம் சமைக்கக் கொடுப்பதற்காக முயல் வாங்கினார்.

“அந்தக் காலை வெட்டிடுங்கக்கா. பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு.”

“அதான் சார் கியாரண்டி.”

“ப்ளீஸ்க்கா. வீட்டுக்குத் தெரியாம வாங்குறேன்.”

சந்திரிகா வெட்டிக்கொடுத்தார். உமேஷ் பையை ஹெப்சியின் வாசலில் வைத்துவிட்டு, ஞாயிறும் வேலை இருந்ததால் அலுவலகம் போய்விட்டார். பையைத் திறந்த ஹெப்சி காலைக் காணாமல் திகைத்து, கடைப் பெயரோடு படத்தை அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘இது முயலா, பூனையா?’ உமேஷ் படித்தார். மனைவி மிருதுளாவும் அதே குழுவில் இருந்ததால் வாய் திறக்கவில்லை.

படம் கைமாறிப் படப்பை வரை பரவியது. அடுத்த ஞாயிறு காடைக்குக்கூட ஆள் இல்லை. வண்டியில் போன ஒருவன், “இன்னாக்கா, மியாவ் கீதா?” என்று கத்திவிட்டுப் போனான்.

“அந்த ஆளை இட்டுகினு வந்து சொல்லச் சொல்லு. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்” என்றார் ஏகநாதன்.

“வூட்டுக்குத் தெரியாம துன்றவரு, பாவம். மாட்டிவுடக் கூடாது.”

“புடிச்ச மொயலுக்கு மூணே காலுன்னு நில்லு!”

படப்பைப் பக்கம் வந்த ஹெப்சியின் கணவர் பிரசன்னா, கடை வெறிச்சோடியிருப்பதை உமேஷிடம் சொன்னார். அன்றிரவே உமேஷ் குழுவில் எழுதினார்: ‘வாங்கியது நான். காலை வெட்டச் சொன்னதும் நான்.’

மறு ஞாயிறு அவரோடு மிருதுளாவும் வந்தார், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி.

“இவர் பயந்த கால் எது? காட்டுங்க.”

சந்திரிகா தூக்கிக் காட்டினார். மிருதுளா முகத்தைச் சுளித்துக்கொண்டே படமெடுத்துக் குழுவில் போட்டார். பிறகு கணவரிடம், “ஹெப்சி வீட்லயே சாப்பிட்டு, அங்கயே குளிச்சுட்டு வாங்க” என்றார்.

உமேஷ் பையை நீட்டினார். “அக்கா, அந்தக் கால்...”

“வெட்ட மாட்டேன், சார்.”