இரண்டு காதிலும் சிவப்பு

மகளுக்கு இரண்டரை வயதாகியும் ‘மா’வைத் தவிர வேறு சொல் வரவில்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவளுடைய சுகாதாரப் புத்தகத்தில் ‘பேச்சுத் தாமதம்’ என்று மலாயில் எழுதிவிட்டு, “கொஞ்சம் லேட்டுதான் லா, மூணு வயசு வரைக்கும் பாப்போம்” என்று சிரித்தார்.

மெர்லிமாவில் அவளைச் சேர்த்திருந்த பாலர் பள்ளியை நடத்துகிறவர் காரணமே கண்டுபிடித்துவிட்டார். “வீட்டுல தமிழ், இங்க இங்கிலீஷ், டிவியில மலாய். பிள்ளை குழம்பிப் போச்சு. தமிழ நிப்பாட்டுங்க.”

கணவர் சுங்கை ஊடாங்கில் வெல்டர். எனக்கு மலாக்காவில் துணிக்கடையில் வேலை. வேலைக்குத் தேவையான இங்கிலீஷ் இருவருக்கும் உண்டு. பிள்ளையைக் கொஞ்சுகிற இங்கிலீஷ் கிடையாது. இருந்தும் சொன்னதைக் கேட்டோம். கம், சிட், ஈட், நோ. ஒரு மாதத்துக்கும் மேலாக என் பிள்ளையிடம் நான் பேசியது அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தட்டு கைதவறி விழுந்தது. மகள் சட்டென்று திரும்பினாள். சற்றுநேரம் கழித்து அவளுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினேன். பிஸ்கட் என்றால் அவளுக்கு உயிர். திரும்பவில்லை. மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்திக் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். “சத்தத்துக்குத் திரும்புதுல்ல? அவசரப்படாதீங்க” என்றார் டாக்டர்.

“காது டெஸ்டுக்கு லெட்டர் எழுதிக் குடுங்க டாக்டர். எழுதுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

வெளியே வரிசை நீண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் ‘மிதமான செவித்திறன் குறைவு’. மிதமான என்பது மழைக்குச் சொல்கிற வார்த்தை. என் மகளுக்கு அதன் பொருள், கதவு அறைந்தால் கேட்கும், அம்மா பக்கத்து அறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது என்பது. அவள் குழம்பவே இல்லை. நாங்கள் பேசியது அவளிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

காது மெஷின் பொருத்திய அன்று, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் என்னிடம் மலாயில் கேட்டார், “உங்களுக்கு எந்த மொழி ரொம்ப நல்லா வரும்?”

“தமிழ்.”

“அப்ப தமிழ்லயே பேசுங்க. ஓயாம பேசுங்க.”

மெஷினுக்கு அளவெடுத்தபோதே நிறம் கேட்டிருந்தார்கள். தோல் நிறம் வெளியே தெரியாது என்றார்கள். நான் சிவப்பு கேட்டேன். பொருத்திய அன்று வீடு வந்து சேரும்வரை காரில் நான் வாயை மூடவில்லை. லாரி பாரு, மாடு பாரு, செம்பனை பாரு, அப்பாவோட மொட்டைத் தலையப் பாரு.

சில மாதங்கள் கழித்து, கணவரின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மகளுக்கு இரட்டைக் குடுமி போட்டு அழைத்துப் போனேன். மண்டப வாசலிலேயே அந்த அக்கா, என் அண்ணி, என்னை ஓரமாக இழுத்தார்.

“முடிய அவுத்து விடும்மா. காதுல இருக்கறது அப்படியே தெரியுது. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. நாளைக்கு இவள யாரு பொண்ணு கேப்பா?”

“மூணு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க நான் வரல அண்ணி.”

அண்ணி அதைக் காதில் வாங்காமல் குனிந்து ரப்பர் பேண்டை உருவப் போனார். மகள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

“வேணாம்!”

அந்த வாரம்தான் கற்றுக்கொண்ட சொல் அது. குளிக்க வேணாம், கீரை வேணாம் என்று வீட்டில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மறுபடியும் கையை நீட்டினார். அதுவரை அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத என் கணவர் நடுவில் வந்து நின்றார்.

“அதான் வேணாங்குதுல்ல. விடுக்கா.”

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. நான் சமாதானத்துக்குப் போகவும் இல்லை. அன்று குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, எங்களுக்கு யாரும் இடம் விடவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றேன்.