இவரிடம் மறுபடி வருவீர்களா?

அந்த ஒரு வருடத்தில் நான் மூன்று முறை விவாகரத்துக் கேட்டேன். ஐந்து தடவை வேலையை விட்டுத் துரத்தப்பட்டேன். நான் பார்த்தேயிராத ஓர் இங்கிலாந்து ஊரில் எனக்கு ஒரு பேக்கரி இருந்தது. பக்கத்து வீட்டு மரத்தின் வேர் அதன் சுவரைப் பிளந்துவிட்டது. இத்தனையும் துபாயின் அல் குசைஸில் ஓர் இரண்டாம் மாடி ஃப்ளாட்டின் சோபாவில், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் நடந்தன. எதிரே நோட்டும் பேனாவுமாக மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். நான் அழ வேண்டுமா, சிடுசிடுக்க வேண்டுமா என்பதை என் கையில் இருக்கும் தாள் சொல்லும்.

நான் வக்கீலும் இல்லை, வாத்தியாரும் இல்லை. டைப்பிங் சென்டரில் வேலை. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அது என்ன கடை என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விசா விண்ணப்பம், வேலை இடத்துப் புகார், நம் சார்பில் கையெழுத்துப் போட ஊரில் இருக்கும் உறவினருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்மேட் உண்டு. பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மாற்றினால் போதும், வேலை முடிந்தது. வருகிறவர்கள் என்னவோ கதையோடுதான் வருவார்கள். "பாய், கதை அப்புறம். பாஸ்போர்ட் காப்பி குடுங்க" என்பேன். பதினாறு வருடமாக இதைச் சொல்லி வந்தேன். கடையில் என்னை விட வேகமாக யாரும் அடிக்க மாட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என்னை அந்த சோபாவுக்கு இழுத்தவள் எதிர் ஃப்ளாட்காரி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அல் ஐனில் ஒன்பது வருடம் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்தவள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் புகார்க் கடிதங்களைக் கவனிக்கும் மேஜைக்கு மாறினாள். அந்த வழியே துபாயில் ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தெட்டாவது வயதில் இங்கிலாந்து முறையில் சொலிசிட்டர் ஆவது என்று முடிவு செய்துவிட்டாள். கோர்ட்டில் நின்று வாதாடும் வக்கீல் வேறு. சொலிசிட்டர் என்பவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதைக் கேட்டு, பேப்பர்களைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று சொல்கிறவர். இங்கே இங்கிலாந்துக் கம்பெனிகள் நிறைய இருப்பதால் அந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஒருநாள் லிஃப்ட்டில் கேட்டாள். "எக்கா, எங்களுக்கு ஒரு கட்சிக்காரர் வேணும். நீங்க வரணும்."

"நான் என்னத்தப் பண்ணணும்?"

"சும்மா உக்காந்து எங்க மேல கோவப்படணும். அவ்வளவுதான்."

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரியான ஆளத்தான் புடிச்சிருக்காங்க" என்றார். அந்தக் கோபத்திலேயே ஒத்துக்கொண்டேன்.

அவளோடு இன்னும் இருவர் படித்தார்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். இன்னொருவர் துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்; அவருக்குத் தமிழில் கோபப்பட வராது, ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவார். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் ஒத்திகையும் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் டைப்பிங் சென்டர் ஆங்கிலம். புருஷன் மேல் புகார் சொல்லும்போதுகூட 'மேற்படி நபர்' என்றுதான் வரும். முதல் வாரம் நான் அழுது முடித்ததும் யாழ்ப்பாணத்துப் பெண், "நல்லா அழுறியள் அக்கா, நான் மெய்யெண்டே நம்பிட்டன்" என்றாள். பள்ளி நாடகத்தில்கூட யாரும் எனக்கு வேஷம் கொடுத்ததில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்தத் தேர்வில் ஒரு விசேஷம். நேர்காணல் பகுதியில் கட்சிக்காரராக நடிக்க வருகிறவர்தான் மதிப்பெண் போடுவார். சட்டம் சரியா தப்பா என்பது அவர் கவலை இல்லை. இந்த ஆளை நம்பலாமா, என் பேச்சைக் கேட்டாரா, அது மட்டும்தான். இதைக் கேட்டதும் இவர்கள் தாங்களே ஒரு தாள் தயாரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் நான் அதில் டிக் போட வேண்டும். கடைசிக் கேள்வி: 'இவரிடம் மறுபடி வருவீர்களா?' அதற்குக் கீழே கட்சிக்காரர் பெயர் என்று ஒரு கோடு. அதில் அன்றைய வேஷத்தின் பெயரை எழுதுவேன்.

மற்ற இருவருக்கும் வாரம் தோறும் டிக் கூடிக்கொண்டே போனது. எதிர் ஃப்ளாட்காரிக்கு மட்டும் 'வரமாட்டேன்' என்றே போட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மூவரில் அதிகம் படித்தவள் அவள்தான். ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு எழுதித் தோற்றிருந்தாள். எழுத்துத் தாள்களில் நல்ல மதிப்பெண். நேர்காணலில் பள்ளத்தில் விழுந்துவிடுவாள். மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அலுவலகத்திலும், இந்த முறை தேறினால்தான் இடம் என்று நயமாகச் சொல்லிவிட்டார்கள். நேர்காணலுக்கு இங்கிலாந்துக்கே போக வேண்டும். டிக்கெட், விசா, லீவு எல்லாம் இந்த ஒரு தடவைக்குத்தான்.

அவள் தப்பு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஒன்பது வருடம் அவசரப் பிரிவில் நின்ற பழக்கம். வந்து உட்கார்ந்த ஆள் வாயைத் திறப்பதற்குள், எப்போது தொடங்கியது, எங்கே, முன்னால் இப்படி நடந்ததா என்று நாலு நிமிடத்தில் முடித்துவிடுவாள். கடைசியில் கையைத் தட்டிக்கொடுக்காத குறையாக, "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுவாள். சொலிசிட்டர் ஒருநாளும் சொல்லக்கூடாத வார்த்தை அது. "அந்த வார்த்தைய ஒம்பது வருசமா தெனம் நூறு தடவ சொல்லிருக்கேன்க்கா. அது தானா வருது" என்பாள்.

அவளுடைய கணவர் தொலைவில், ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன். வார விடுமுறைக்கு வந்து, ஞாயிறு மூன்று மணிக்கு, நாலு பேர் பங்கு போட்டுப் போகும் கார் லிஃப்ட்டில் திரும்பிப் போவார். நாங்கள் முன்னறையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சமையலறையில் மீன் குழம்பு வைப்பார். ஒரு மனிதன் இரண்டு நாள் லீவில் ஒன்றை மனைவியின் படிப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எங்களுக்குச் சோறும் போட்டதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்த ஞாயிறு அது. மற்ற இருவரும் வரவில்லை. வேஷத் தாள்களை வழக்கமாகக் கொண்டு வருகிறவர் அந்த இளைஞர்தான். "ஏதாவது ஒண்ணு நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள் அவள்.

நானும் அன்று எரிச்சலில்தான் போயிருந்தேன். காலையில் திருச்சியிலிருந்து தம்பி பேசினான். மொட்டை மாடியை அளக்க இரண்டு பேர் வந்துபோனதாகப் பேச்சு வாக்கில் சொன்னான். எதற்கு என்றதும் மழை, மாங்காய் என்று பேச்சை மாற்றிவிட்டான். அது என் வீடு. என் சம்பாத்தியத்தில் கட்டியது. கட்டட வேலையைப் பார்க்கத் தம்பிக்குப் பவர் கொடுத்திருந்தேன். கட்டி முடித்து ஆறு வருடமாகிறது. அவன் குடும்பம் அதில்தான் இருக்கிறது. சரி, இதையே சொல்வோம் என்று ஒரு வெள்ளைக்காரப் பெயரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அவள் வழக்கம்போல் பாய்ந்தாள். பவர் எந்த வருடம், எந்த ஊரில் பதிவு, வீடு யார் பெயரில். எனக்குத் தேதி நினைவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவரும் உங்கள் தம்பிதானே, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். தமிழிலேயே வந்தது. "எல்லாம் சரியாயிடும்னு சொல்ல நீ யாரு? நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல. மூணு வாரத்துல அங்க போயும் இதையேதான் சொல்லப் போற. பேசாம அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சொல்லியிருக்கக்கூடாது என்று அப்போதே தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"இது வேஷம் இல்லல்லா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மொதல்லருந்து சொல்லுங்கக்கா. நான் குறுக்க பேசமாட்டேன்."

பேசவும் இல்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் நான் நின்றபோதும் அவசரப்படவில்லை. நானே தொடரும்வரை காத்திருந்தாள். அம்மா போனபின் அவனை நான் வளர்த்தது, பவரை என் கையாலேயே அடித்தது, கடை ஃபார்மேட்டில் பெயரை மட்டும் மாற்றித் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டது, அதை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காதது எல்லாம் வந்தது. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறவள் தன் தாளைப் படிக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் முடிந்தபின் அவள் கேட்டது ஒரே கேள்வி. "இதுல உங்களுக்கு எதுக்கா பயம்?"

வீடு போய்விடும் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "வீடு போனாப் போகட்டும். பவரத் திருப்பிக் குடுன்னு கேட்டா தம்பி போயிடுவான்."

இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

அவள் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. "எனக்கு இப்ப பதில் தெரியல. நம்ம ஊர்ச் சட்டம் நான் படிக்கல. பேப்பரப் பாக்காம எதுவும் சொல்லவும் கூடாது. நாளைக்குக் கொண்டு வாங்க, ரெண்டு பேருமா ஒக்காந்து படிப்போம். அப்புறம் திருச்சில ஒரு வக்கீலப் பாக்கணும்" என்றாள். குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். டிக் போடும் தாளை இருவருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் படித்தோம். விற்கலாம், அடமானம் வைக்கலாம், நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம் என்று வரிசையாக இருந்தது, நான் அடித்த அழகான எழுத்தில். அவள் திட்டவில்லை. வீடு கட்டத்தானே கொடுத்தது, கட்டி முடித்தாயிற்று, பவரின் வேலை முடிந்தது, அதனால் ரத்து செய்கிறேன் என்று தம்பியிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். அவள் வீட்டு சோபாவிலிருந்தே பேசினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "நல்லதாப் போச்சுக்கா. மாடியில செல்போன் டவர் வைக்கக் கேக்குறாங்க. ஒங்ககிட்ட பவர் இருக்கே, கையெழுத்துப் போடுங்கன்னு தெனம் வந்து நிக்கிறாங்க. இல்லன்னு சொல்லவும் முடியல, ஒன்கிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு." இருவரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு ஆறு வருடம் ஓட்டியிருக்கிறோம். திருச்சி வக்கீல் சொன்ன முறைப்படி பவரை ரத்து செய்தோம். தம்பி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். மாங்காய் ஊறுகாய் அனுப்புகிறான்.

அவள் இங்கிலாந்து போய் வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாக்கை அடக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களில் கடையில் ஒரு வேலை செய்தேன். யாராவது பவர் அடிக்க வந்தால் ஃபார்மேட்டைத் திறக்குமுன், "இது எதுக்காகக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன். முதலாளி, "ஜல்தி ஜல்தி" என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டடம் கட்ட மட்டும்தான் என்று சொன்னவர்களை, அதை மட்டும் எழுதித்தரும் ஒரு வக்கீலிடம் அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாஸ்க்கா" என்றாள். இவளிடம் போய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு என்றேனே என்றிருந்தது. அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். "அன்னைக்கு நீங்க கோவப்படலன்னா நான் இப்பவும் சரியாயிடும்னுதான் சொல்லிட்டு இருப்பேன்" என்றாள். நான்தான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தாள். எங்கள் டிக் போடும் தாள். தேர்வுக்கு மூன்று வாரம் முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி போட்டு, மற்றதெல்லாம் காலியாக இருந்தது.

"அன்னைக்கு மார்க் போடாமலே போயிட்டீங்க" என்றாள்.

மேலிருந்து ஒவ்வொன்றாக டிக் போட்டு வந்தேன். கடைசிக் கேள்விக்கு 'வருவேன்' என்று போட்டேன். கீழே கட்சிக்காரர் பெயர் என்ற கோடு. அன்று வைத்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் சொந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.