கிளி ஏன் வெளியே போகவில்லை?

எங்கள் அஸ்தினாபுரம் குடியிருப்பில் எந்தக் கதையைச் சொன்னாலும், முடிந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில் நீதி சொல்வார்கள்: "பொய் சொல்லக் கூடாது!" கதையில் பொய்யே இருக்காது. யானை ஒன்று குளத்தில் குளித்துவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் ஊட்டி வளர்த்த பழக்கம். கதை முடிந்தால் நீதி, நீதி முடிந்தால் வீட்டுக்கு ஓட்டம்.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொது அறையில் பாய் விரித்துப் படக்கதைப் புத்தகம் காட்டுவேன். காட்டிவிட்டுக் கேள்வி கேட்பேன், பதில் மட்டும் சொல்ல மாட்டேன். 'தத்துவ வகுப்பு' என்று நான் வாய்தவறிச் சொன்னது வம்பாகிவிட்டது. "எம் பையனைச் சாமியார் ஆக்கிடாதீங்க" என்று லிப்ட்டில் ஓர் அம்மா கும்பிடு போட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கும்பிடெல்லாம் போடவில்லை. "மேடம், பசங்க வீட்டுக்கு வந்து கேள்வியா கேட்டுத் தள்றாங்களாம். கத்துக்கிட்ட மாதிரி ஒண்ணும் தெரியல. மணிச்சட்டக் கணக்கு சொல்லித் தர்ற அபாகஸ் சார் இந்த ரூமைக் கேக்குறார். இந்த சண்டே நானே வந்து பார்க்குறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அபாகஸோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் வாரம் முழுக்க ஒப்பிக்கிற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து யோசிக்க இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஞாயிறன்று அவர் வாசல் பக்கமாக நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அன்றைய புத்தகத்தில் ஒரு கூண்டு, அதில் ஒரு கிளி. யாரோ கூண்டுக் கதவைத் திறந்து விடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. கதவு திறந்திருக்கிறது, கிளி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"இந்தக் கிளிக்குச் சுதந்திரம் இருக்கா?" என்று கேட்டேன். பிள்ளைகள் படத்தையே உற்றுப் பார்த்தார்கள். செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்க பசங்களா, கதையோட நீதி என்ன?"

"பொய் சொல்லக் கூடாது!"

அறை அதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் காது சூடாகிவிட்டது. அறை போச்சு என்றே நினைத்தேன்.

"கிளி பொய்யே சொல்லலையே" என்றது ஒரு குரல். தாம்பரம் மார்க்கெட்டில் பை கடை வைத்திருப்பவரின் மகள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள். எல்லாரும் திரும்பிப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. "எங்க அத்தா கடையும் திறந்துதான் இருக்கு. அவர் எப்ப வேணா வெளிய போகலாம். ஆனா ராத்திரி வரைக்கும் போக மாட்டார். அவரும் கூண்டுலயா இருக்கார்?"

"அது கடமைம்மா. கூண்டு இல்ல" என்றார் செயலாளர்.

"அப்போ கிளிக்கும் கடமை இருக்கலாம்ல?" என்றான் ஒரு பையன். "முட்டை போட்டிருக்கும்!" என்று இன்னொருத்தி பாய்ந்து வந்து படத்தில் கிளியின் காலடியைத் தேடினாள். முட்டை இல்லை. "அதுக்கு வெளிய பயமா இருக்கு." "பயந்தா சுதந்திரம் இல்லையா?" "சாப்பாடு உள்ளதானே கிடைக்குது?" ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எந்த இருவரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எனக்கு எழுந்து விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. அத்தனை சந்தோஷம்.

செயலாளர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்துவிட்டார். "அப்படி இல்ல, நான் சொல்றதைக் கேளுங்க..." என்று ஆரம்பித்தவரைப் பை கடைக்காரர் மகள் நிறுத்தினாள்.

"அங்கிள், கையைத் தூக்கணும். மிஸ் கூப்பிட்டாதான் பேசணும்."

அவர் கையைத் தூக்கினார். அவருக்கு முன்னால் நான்கைந்து கைகள் உயர்ந்திருந்தன. நானும் அவசரப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து அபாகஸ் சார் வாசலில் வந்து நின்றார். "சார், ரூமைப் பார்க்கலாமா?"

செயலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

"இருங்க சார், இங்க க்ளாஸ் நடக்குது. என் டர்னே இன்னும் வரல."